பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

மாணவர்களே, லாபிஸ் வழியாகச் செல்லும் கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகும் லோரி திடீரென நின்றால், பின்னால் வரும் காரும் நின்றாக வேண்டும். அந்தக் கார், 1948இல் பிரிட்டனில் அறிமுகமான மோரிஸ் மைனராக இருந்தால்?

இந்தப் பழைய காரை இன்றும் ஆசையோடு பராமரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதுக் காரின் பெரிய சிலிண்டரைப் பொருத்தினால் பிரேக் இன்னும் வலுவாகப் பிடிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். உங்கள் கால் 100 நியூட்டன் விசை கொடுக்க, பெடல் அதை 5 மடங்காக்கினால், சிலிண்டரில் உள்ள பிஸ்டனை 500 நியூட்டன் தள்ளும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது.

உள்விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பளவு 3.14 ச.செ.மீ. அழுத்தம் ச.செ.மீ.க்கு ஏறக்குறைய 159 நியூட்டன்.

உள்விட்டம் 25 மி.மீ. என்றால் பரப்பளவு 4.91 ச.செ.மீ. அழுத்தம் 102 நியூட்டன்தான்!

அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஆகவே, நான்கு சக்கரங்களுக்கும் போகும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. பெடல் கல்லைப்போல் இறுகியிருக்கும், கார் நிற்காது. புதுக் கார்களில் கால் விசையைப் பெருக்கும் பூஸ்டர் இருப்பதால்தான் பெரிய சிலிண்டர் அங்கே பொருந்துகிறது. மோரிஸ் மைனரில் பூஸ்டர் கிடையாது.

அப்படியானால் மிகச் சிறியதைப் போடலாமா? அதுவும் ஆபத்துதான். 6.28 கன செ.மீ. எண்ணெயைத் தள்ள, 25 மி.மீ. பிஸ்டன் 1.28 செ.மீ. நகர்ந்தால் போதும், 20 மி.மீ. பிஸ்டன் 2 செ.மீ. நகர வேண்டும். இன்னும் சிறியது என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே பெடல் தரையைத் தொட்டுவிடும். விசையில் கிடைக்கும் இலாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுக்கிறோம்.

நீங்களே செய்து பாருங்கள். ஊசியில்லாத சிறிய சிரிஞ்சையும் பெரிய சிரிஞ்சையும் நீர் நிரம்பிய குழாயால் இணையுங்கள். பெரியதை நண்பர் பிடிக்க, சிறியதை நீங்கள் அழுத்துங்கள். பிறகு மாற்றிப் பிடியுங்கள். யார் கை தோற்கிறது?