ஐந்து விரல் நகரம்

நகரம் வளர்வதைத் தடுத்தல் அரிது; அது வளரும் திசையை முன்னரே வகுத்தல் இயலும். வீடுகள் முதலில் எழுந்து, போக்குவரத்து வசதி பின்னர் வந்து சேருமாயின், தொழிலுக்குச் செல்வோரின் நேரமும் ஊதியமும் வழியிலேயே கரைந்துவிடும். சொந்த மோட்டார் வண்டி இல்லாதவருக்கே இத்துன்பம் மிகுதி. இதனை வருமுன் காக்க முயன்ற நகரங்களுள் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகன் ஒன்று.

அங்கு மின்சார இரயில் 1934ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியது. 1947இல் ஸ்டீன் ஐலர் ராஸ்முசன், பீட்டர் பிரெட்ஸ்டோர்ஃப் முதலிய அறிஞர்கள் அந்நகர வட்டாரத்துக்கு ஒரு திட்டம் வகுத்தனர். அதனை விளங்கிக்கொள்ள நேயர்கள் தம் கையை விரித்துப் பார்த்தால் போதும். உள்ளங்கை பழைய நகரம். ஐந்து விரல்கள் இரயில் பாதைகளை ஒட்டி நீளும் குடியிருப்புகள். விரல்களுக்கு இடைப்பட்ட வெளி வயலுக்கும் காட்டுக்கும் உரியது. இவ்வாறு அமைந்தால் வீட்டிலிருந்து ஒருபுறம் நிலையத்தையும் மறுபுறம் பசுமை வெளியையும் எளிதில் அடையலாம்.

இவ்வமைப்பின் பயன் யாது? சிதறிக் கிடக்கும் வீடுகளால் இரயிலை நிரப்ப முடியாது. பயணிகள் குறைந்தால் வண்டிகள் குறையும். வண்டிகள் குறைந்தால் எஞ்சிய பயணிகளும் அகல்வர். மக்கள் நிலையங்களின் அருகே செறிந்து வாழுமிடத்திலோ அடிக்கடி வண்டி விடுதல் கட்டுப்படியாகும். தெற்கே கோகே விரிகுடாக் கரையில் இரயில் பாதையும் புதிய குடியிருப்புகளும் ஒருங்கே திட்டமிடப்பட்டன. 1972 முதல் படிப்படியாகத் திறக்கப்பட்ட அப்பாதை 1983இல் கோகே நகரை எட்டியது.

வீடு மட்டும் நிலையத்தருகே இருந்தாற் போதாது. வீட்டிலிருந்து நிலையம்வரை சைக்கிளில் வரலாம். ஆனால் இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம்வரை பெரும்பாலும் கால்நடையே கதி. ஆகவே, 1,500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள் நிலையத்திலிருந்து 600 மீற்றருக்குள் அமைதல் வேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. தொடக்கத்தில் வழிகாட்டியாக மட்டும் இருந்த விரல் திட்டம், 2007இல் சட்ட வலிமையும் பெற்றது.

குறைகளும் இல்லாமலில்லை. மோட்டார் வண்டிகள் பெருகியபின் சில விரல்கள் பருத்தன. இடைவெளிகளிலும் கட்டடங்கள் புகுந்தன. ஒவ்வோர் அனுமதியும் தனியே நோக்கச் சிறிதே. எல்லாம் சேர்ந்தால் விரல்களுக்கு இடையே வெளியே இராது. எனவே, நிலத்தைப் பங்கிடுவோரும் பாதையை அமைப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவுசெய்தல் வேண்டும். கட்டி முடித்த நகரத்தைப் பெயர்த்து வைத்தல் யாராலும் ஆகாது.