மழைக் கணக்கில் மறைந்து நிற்கும் பிழை

2022 ஏப்ரல் 4-ந் தேதி ஆந்திரப் பிரதேசத்தின் மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. பழைய சித்தூர் மாவட்டத்தின் திருப்பதி, காளஹஸ்தி, சந்திரகிரி, சத்தியவேடு பகுதிகள், நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்ப்பேட்டை முதலியவற்றோடு இணைந்து திருப்பதி மாவட்டமாயின. மேற்கேயுள்ள மதனபள்ளி, பீலேர் பகுதிகள் அன்னமய்ய மாவட்டத்திற்குச் சென்றன. எஞ்சியது சித்தூர். நிலப்படத்தில் இம்மாற்றம் ஒரே நாளில் முடிந்தது. பல ஆண்டு மழைக் கணக்கைத் தாங்கி நிற்கும் விரிதாள்களுக்கோ அது அவ்வளவு எளிதில் முடிகிற காரியமன்று.

கணிப்பொறியில் கட்டங்களாக விரியும் கணக்கேடே விரிதாள். 1979-ல் ‘விசிகால்க்’ என்ற பெயருடன் சிறு கணிப்பொறிகளுக்கு வந்த இச்சாதனத்தில் கூட்டல், சராசரி முதலிய சார்புகள் முன்னரே அமைந்திருக்கும். இவை போதாதவிடத்து, இக்கால விரிதாள்களில் வேண்டிய சார்பைப் பயன்படுத்துவோரே எழுதிச் சேர்க்கலாம். ஒன்றின் விடையை மற்றொன்று ஏற்றுக்கொள்ளுமாறு, பெட்டிக்குள் பெட்டியாக அவற்றை அடுக்கவும் செய்யலாம். வசதிதான், ஆனால் பிழை குடியிருப்பதும் இந்த அடுக்கில்தான்.

மழைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மண்டலத்தின் பெயரைக் கொண்டு மாவட்டத்தைக் கூறுவது முதற் சார்பு. அம்மாவட்டத்து மண்டலங்களின் சராசரி மழையைக் காண்பது இரண்டாவது. அச்சராசரி இயல்பான அளவினின்றும் எத்தனை சதவிகிதம் விலகியது எனக் கணிப்பது மூன்றாவது. விலகலுக்குப் பெயரிடுவது நான்காவது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகுப்பின்படி, இயல்புக்கு 19 சதவிகிதம் மேலோ கீழோ இருப்பின் அது இயல்பான மழை; 20 முதல் 59 வரை குறைந்தால் குறைவு; 60 முதல் 99 வரை குறைந்தால் பெருங்குறைவு. வறட்சியை ஆராய்வோர் முதலில் நோக்குவது மழையின் விலகலையே. ஆதலின் ‘இயல்பு’, ‘குறைவு’ என்னும் இரு சொற்களுக்கிடையே உள்ளது உழவர் பலரின் ஒரு பருவம் எனலாம்.

நான்கு மண்டலங்களில் 160, 120, 140 மி.மீ. என மூன்றின் அளவு வந்து, நான்காவதன் அளவு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் சராசரி 140. இயல்பளவும் 140 ஆனால் விலகல் இல்லை. விரிதாளில் முன்னரே அமைந்துள்ள சராசரிச் சார்பு வெற்றுக் கட்டத்தைத் தானே விலக்கிவிடும். எக்செல்லில் நாம் எழுதிய சார்போ, வெற்றுக் கட்டத்தின் மதிப்பைக் கூட்டலில் சேர்க்கும்போது அதைப் பூஜ்யமாகவே கொள்ளும். மண்டலங்களை நான்கென்றே எண்ணி வகுத்தால் சராசரி 105 ஆகும். விலகல் 25 சதவிகிதக் குறைவு. மழைமானியைப் பார்க்காத நாள் மழை பெய்யாத நாளாகிவிடுகிறது! பிழைக்குறி ஏதும் தோன்றுவதில்லை.

பிழைக்குறி தோன்றினாலும் அது விரிவாகப் பேசுவதில்லை. எக்செல்லில் நாம் எழுதிய சார்பின் உள்ளே எவ்வித இடையூறு நேர்ந்தாலும், கட்டத்தில் தெரிவது பெரும்பாலும் ‘வேல்யூ’ என்னும் ஒரே முத்திரை. நான்கு அடுக்கில் எதில் பிழை என்பது அதனால் விளங்காது. இதனால் சலிப்புற்றுச் சிலர், பிழை நேரின் பூஜ்யம் காட்டுக என்று முழு அடுக்கையும் ‘இஃப்எரர்’ சார்பினால் மூடிவிடுகின்றனர். இது நோயாளியின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். பட்டியலில் ‘ஸ்ரீகாளஹஸ்தி’ என்றும், வந்த அறிக்கையில் ‘காளஹஸ்தி’ என்றும் இருந்தால், அம்மண்டலம் எந்த மாவட்டத்திலும் சேராமல் ஓசையின்றி மறைந்துவிடும்.

ஓசையற்ற பிழை பெரியோரையும் விடுவதில்லை. பொருளாதார அறிஞர்களான ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் விரிதாளில், சராசரிக் கட்டளை ஐந்து நாடுகளை எட்டாமல் நின்றிருந்தது. ஹெர்ண்டன் என்னும் மாணவர் மூல விரிதாளைப் பெற்று ஆராய்ந்த பின்னரே, 2013-ல் இது வெளிப்பட்டது.

ஆகவே அடுக்கை உள்ளிருந்து வெளியே பிரித்துப் பார்ப்பதே முறை. நான்கு சார்புகளையும் நான்கு தனிப் பத்திகளில் இட்டு, கையால் கணக்கிட்டு விடை கண்ட ஒரு மண்டலத்தை முதலில் செலுத்துக. அடுத்து வெற்றுக் கட்டத்தையும், பட்டியலில் இல்லாத பெயரையும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்க. எந்தப் பத்தியில் விடை முதலில் பிறழ்கிறதோ அங்கேயே பிழை. ‘இஃப்எரர்’ இருக்குமாயின் சோதனை முடியும்வரை அதை நீக்கி வைத்தல் வேண்டும். வராத அளவுக்கு ‘அளவு இல்லை’ என்ற சொல்லையே விடையாகத் தருமாறு சார்பைத் திருத்துதல் நலம்.

இன்னொரு பிழை இவற்றினும் நுட்பமானது. நாம் எழுதும் சார்பு, தனக்கு நேராகக் கொடுக்கப்பட்ட கட்டங்கள் மாறினால் மட்டுமே சாதாரணமாக மீண்டும் கணக்கிடும். மாவட்டப் பட்டியலைச் சார்பு தன் உள்ளிருந்தே எட்டிப் படிக்குமாறு எழுதியிருந்தால், பட்டியலைத் திருத்திய பின்னும் பழைய விடையே நிற்கும். சத்தியவேடு பட்டியலில் திருப்பதிக்கு மாறியிருக்க, கணக்கில் அது சித்தூரிலேயே இருக்கும். எக்செல்லில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்-9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் முழுக் கணக்கும் புதிதாகும். எனினும், பட்டியலையும் சார்புக்கு நேராகவே கொடுத்துவிடுவது நிலையான பரிகாரம். கூகுள் ஷீட்ஸுக்கும் இது பொருந்தும்.

2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளத்தில் ஆழ்த்திய மழை, அந்நாளைய சித்தூர் மாவட்டக் கணக்கைச் சேர்ந்தது. பழைய மாவட்டத்தின் கிழக்கு மண்டலங்கள் மேற்கினும் மிகுதியான மழை பெறுபவை. அவற்றுட் பல பிரிந்தபின் சித்தூரின் இயல்பளவும் மாறியாக வேண்டும். அவ்வாண்டைப் பின்வந்த ஆண்டுகளோடு ஒப்பிட விரும்புவோர், 2021-ன் மண்டல அளவுகளைப் புதிய எல்லைக்குள் மீண்டும் தொகுத்து, அதே எல்லைக்குரிய இயல்பளவையே மூன்றாவது சார்புக்குக் கொடுத்தல் வேண்டும். பழைய அறிக்கையை அப்படியே காண வேண்டுமாயின், முதற் சார்புக்கு மண்டலத்தின் பெயரோடு தேதியையும் சேர்த்துக் கொடுப்பது அவசியம்.