உப்புக் கடலருகே ஊறும் நன்னீர்
இராமேசுவரத் தீர்த்தக் கிணறுகள் உணர்த்தும் உண்மை

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாலும் சிறப்புற்ற திருத்தலங்களுள் இராமேசுவரம் தலையாயது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய இத்தலம், சோதிர்லிங்கத் தலங்கள் 12இல் ஒன்றாகவும் போற்றப்படுகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் முன்னோர்க்குரிய கடன் ஆற்ற அங்கே திரளும் அன்பர்களுள் மலேசிய, சிங்கை யாத்திரிகர்களும் உளர்.

கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் முதலில் நீராடிய பின், திருக்கோயிலினுள் அமைந்த 22 தீர்த்தங்களில் நீராடுவது மரபு. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் இது நிறைவுறும். இவற்றுள் பெரும்பாலானவை கிணறுகளே. பணியாளர்கள் கைப்பிடிச் சுவரின்மேல் நின்று, கயிறு கட்டிய வாளியால் நீரை முகந்து அன்பர்களின் தலையில் வார்ப்பர். கடலில் மூழ்கியெழுந்த உப்பு இதழில் காயும் முன்னரே, கூப்பிடு தொலைவிலுள்ள கிணற்றில் உப்புக் கரிக்காத நீர் கிடைப்பது வியப்பன்றோ! கிணற்றுக்குக் கிணறு சுவை வேறுபடுவதாகவும் நீராடியோர் கூறுவர். தங்கச்சிமடத்தை அடுத்துக் கடலுக்குள்ளேயே அமைந்த வில்லூன்றி தீர்த்தம், சீதாப்பிராட்டியின் தாகம் தீர்க்க இராமபிரான் வில்லை ஊன்றியதால் தோன்றியது என்பது ஐதீகம்.

மிதக்கும் நன்னீர்

இவ்வியப்பின் காரணத்தை நிலநீர் அறிவியலும் எடுத்துரைக்கிறது. இராமேசுவரத் தீவு பெரும்பாலும் மணற்பாங்கானது. பெய்யும் மழை மணலினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் தங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆதலின் நன்னீர் அதனுடன் எளிதில் கலவாமல் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. நெதர்லாந்தின் கைபனும் செர்மனியின் எர்சுபெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர்.

ஆழம் மிகுந்தால் நன்மை மிகுமா?

கிணறு ஆழமானால் நீர் நன்றாயிருக்கும் என்பது பொதுவான எண்ணம். கடலோரத்தில் இது பொருந்தாது. மேற்கூறிய கணக்கையே திருப்பிப் பார்த்தால், நீர்மட்டம் 1 அடி தாழ, அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறக்கூடும். வாளியும் கயிறும் மேல்நீரை மட்டுமே முகக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் விசைப்பொறியோ, உப்புநீரையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், மீனவ மக்கள் மணலில் ஆழமற்ற குழி தோண்டியே குடிநீர் எடுத்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஒருமுறை உவர்த்த கிணறு விரைவில் தேறாது. 2004 ஆழிப்பேரலையால் நாகப்பட்டினக் கடற்கரையில் உப்பேறிய கிணறுகளை மீட்க, நீரை இறைப்பதோடு மழையின் துணையும் வேண்டியிருந்தது.

நிறம் சொல்லும் செய்தி

நீரின் நிறம் அது கடந்து வந்த மண்ணைக் காட்டும். பச்சை நிறம் பாசியாலும், தேநீர் போன்ற பழுப்பு மக்கிய இலைகளாலும், செம்மை இரும்புச் சத்தாலும் உண்டாகின்றன. மலேசியாவில் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் கிளந்தான் மாநில மக்கள் இச்செம்மையை நன்கறிவர். இறைத்தபோது தெளிவாயிருந்த நீர், காற்றுப் பட்டதும் செந்நிறமாகும். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பிருந்தால் வெள்ளாடையில் கறை படியும்.

எனினும் கண் காட்டாத தீங்கும் உண்டு. கழிவுநீர் கசிந்து கலக்கும் கிருமிகளுக்கும் நைட்ரேட் உப்புக்கும் நிறமில்லை. எனவே, எவ்வளவு தெளிந்த கிணற்று நீராயினும் காய்ச்சிக் குடிப்பதே நலம். காய்ச்சுவதால் கிருமி அழியுமேயன்றி நைட்ரேட் நீங்காதாகையால், கிணற்றருகே கழிவுக்குழி அமையாமல் காப்பது இன்றியமையாதது.

நீராடச் செல்லும் அன்பர்கள், உடுத்திய ஆடையைக் கடலில் விட்டு வருவதையும், பூ, நெகிழிப்பை முதலியவற்றை நீரில் எறிவதையும் தவிர்க்க வேண்டும். விடுதியிலும் நீரை அளவோடு பயன்படுத்த வேண்டும். நாம் நீராடும் தீர்த்தம், அத்தீவு மக்களின் குடிநீராகிய அதே மழையின் பங்காகும். நமக்குப் பின் வருவோர்க்கும் அது இனிக்க வேண்டுமெனில், இந்நெறியும் வழிபாட்டின் ஓர் அங்கமாதல் வேண்டும்.