ஆம்புலன்ஸ் வருமுன் ஒரு மின்னதிர்ச்சி

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் காலமானபோது அவருக்கு வயது 46. அடுத்த நாட்களில் ஜெயதேவா மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்கு வந்தவர்களின் கூட்டம் வெகுவாகக் கூடியது. 2023இல் கர்நாடக அரசு அவர் பெயரிலேயே ‘ஹிருதய ஜோதி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. தாலுகா மருத்துவமனைகளிலேயே இசிஜி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசி, பொது இடங்களில் ஏ.இ.டி. என்னும் மின்னதிர்ச்சிக் கருவி ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் அதிகம் பேசப்படாதது கடைசியாகச் சொன்ன கருவிதான். பெங்களூரு போன்ற நகரத்துக்கு அதுதான் அவசரத் தேவை என்பது என் கருத்து.

இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது மாரடைப்பு. அதன் விளைவாகச் சிலருக்கு இதயத்தின் மின்னொழுங்கு குலைந்து, கீழறைகள் ரத்தத்தை வெளியே தள்ளாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அதன்பின் உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைப் பறிக்கிறது. மின்னதிர்ச்சி நின்ற இதயத்தை ஓடவைக்கிறது என்று சினிமா நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நடப்பது வேறு. தாறுமாறாகத் துடிக்கும் தசைச் செல்கள் அத்தனையையும் அது ஒரே நேரத்தில் அடக்குகிறது. அந்த அமைதியில் இதயத்தின் இயற்கையான துடிப்புமுனை மறுபடி ஆட்சிக்கு வருகிறது. 1947இல் அறுவை மருத்துவர் கிளாட் பெக் ஒரு 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்பில் செய்து காட்டிய வேலையை, இன்று நெஞ்சில் ஒட்டும் இரண்டு பட்டைகள் பெரும்பாலும் 120 முதல் 200 ஜூல் ஆற்றலில் செய்துவிடுகின்றன.

பயிற்சி இல்லாதவர் கையில் இது ஆபத்தாகாதா என்று கேட்பது நியாயமே. ஆனால் முடிவெடுப்பது கருவிதான். துடிப்பைத் தானே படித்து, தேவையில்லை என்று கண்டால் பொத்தானை அழுத்தினாலும் அது மின்சாரம் பாய்ச்சாது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் காவலாளிகளுக்கு இந்தக் கருவியைப் பழக்கி நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. இதயம் நடுங்கி விழுந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி பெற்றோரில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினர். அதைவிடத் தாமதமானோரில் 49 சதவீதம் பேரே. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கிய எந்த 108 ஆம்புலன்ஸாலும் மூன்று நிமிடத்தில் வந்து சேர முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பெரும்பாலோருக்கு இதயம் நிற்பது வீட்டில்தான், பேருந்து நிலையச் சுவரில் தொங்கும் கருவி அவர்களுக்கு எப்படி உதவும்? இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் கருவியையே வீடு தேடி வரவைக்க வழி உண்டு. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரம் 1990 முதலே ரோந்துக் காவலர்களிடம் கருவியைக் கொடுத்துப் பார்த்தது. பல உயிர்கள் பிழைத்தன. தெருத்தெருவாகச் சுற்றும் காவல்துறையின் ஹொய்சளா ரோந்து வண்டிகள் நம் நகரில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலர் அறைகளிலும் ஒரு கருவி இருந்தாக வேண்டும். அது வந்து சேரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த சிபிஆர் பயிற்சியைப் பள்ளியிலேயே தொடங்கலாம். கருவியின் பேட்டரிக்கும் பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதால், அவற்றை மாதந்தோறும் சரிபார்க்கும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் ஒப்படைத்து, அவர் பெயரைப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பூட்டும் போடக் கூடாது.