சிதைவும் அரிப்பும்: ஜொகூர் நிலத்தை முன்வைத்து

‘மண்ணரிப்பு’ என்னும் ஒரு சொல்லாலேயே இருவேறு நிகழ்வுகளைச் சுட்டிவிடுவது நம் வகுப்பறைகளில் காணும் வழக்கம். பாறை தான் இருந்த இடத்திலேயே இற்றுப்போவது ஒன்று. இற்ற துகளை நீரோ காற்றோ அலையோ பெயர்த்துக்கொண்டு போவது மற்றொன்று. முன்னதைச் சிதைவு என்றும் பின்னதை அரிப்பு என்றும் பிரித்து வழங்குதலே தகும். மலாய்மொழி இவ்விரண்டையும் மயங்க விடுவதில்லை. முன்னது ‘லுலுஹாவா’, பின்னது ‘ஹக்கீசான்’. நொறுங்குதலையும் காற்றையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்ததே லுலுஹாவா. ‘வானிலைச் சிதைவு’ என்னும் நம் கலைச்சொல்லும் ஏறத்தாழ அதே பொருளமைப்பு உடையது. இருந்தும் நாம் அதனைத் தேர்வுத்தாளோடு நிறுத்திவிடுகிறோம்.

தங்காக் வட்டாரத்து லேடாங் மலையை எடுத்துக்கொள்வோம். உயரம் 1,276 மீட்டர், கருங்கல் மலை. கருங்கல் என்பது நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகுவதால் உண்டாவது. அஃது இன்று வானை நோக்கி நிற்கிறதெனில், அதன்மேல் மூடிக் கிடந்த பாறையெல்லாம் எங்கோ போயிற்று என்பதே பொருள். எவ்வாறு போயிற்று? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அது விரிசல்களின் வழியே இறங்கிக் கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் கரையாமல் மணலாக எஞ்சுகிறது. இரும்பு துருவேறி அனைத்தையும் சிவப்பாக்குகிறது. விரிசல்கள் சந்திக்கும் மூலைகளை நீர் பல பக்கத்தும் தாக்குவதால் அவை முந்தி இற்றுவிடுகின்றன. நடுப்பகுதி உருண்டைக் கல்லாக மிஞ்சுகிறது. ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் குறையாத இந்நாட்டில் இவ்வேலைக்கு ஓய்வில்லை. தோட்டப்புறத்துச் செம்மண் சடக்கில் நடந்து பள்ளிக்குச் சென்ற தலைமுறையினர், காலில் ஒட்டியது துருவென்று அறியாமலே அதனைக் கழுவிக்கொண்டனர். இத்தகைய மண்ணுக்கு ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரில் அதனைச் செங்கல்லாக வெட்டி வீடு கட்டுவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் பெயரிட்டார். அவரது நூல் வெளிவந்தது 1807இல்.

இதுவரை சொன்னது சிதைவு. அரிப்பு ஆற்றில் தொடங்குகிறது. பெலுமுட் மலைப்பகுதியில் பிறக்கும் ஜொகூர் ஆறு ஏறத்தாழ 122 கிலோமீட்டர் ஓடி நீரிணையைச் சேர்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரை அடுத்தடுத்து மூழ்கடித்த வெள்ளம் கலங்கிய நிறத்தில் ஓடியதற்குக் காரணம் மேலே சொன்ன களிமண்தான். காட்டின் போர்வை நீங்கிய சரிவில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குகிறது. வேகம் குறையுமிடத்தில் ஆறு தன் சுமையை இறக்கிவைக்கிறது. இறக்கியதற்குத் தமிழில் பெயர்கள் மிகுதி: நுண்மண் படிந்தால் வண்டல், மணல் குவிந்தால் எக்கர், ஆற்றிடையே மேடிட்டு நின்றால் துருத்தி, அரங்கம். இடைக்கே ஒரு குறிப்பு: ‘கரை’ என்பது பெயராக விளிம்பையும் வினையாக உருகி அழிதலையும் குறிக்கும். இரண்டும் ஒரே வேரின என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் பெறலாம். பரோ, எமனோ இருவரும் தம் அகராதியில் அவற்றைத் தனித்தனியாகவே வைத்துள்ளனர்.

ஆனால் பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாயில் அவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றும். ஆசியப் பெருநிலத்தின் தென்முனை அது. 2003இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பியாய் என்பது சேற்றில் வளரும் ஒரு பெரணியின் மலாய்ப்பெயர். இங்கே நிலத்தைப் பிடித்துவைத்திருப்பது பாறையன்று, அலையாத்தி வேர்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பர். ஆத்தி என மரமொன்று இருப்பதால் இவ்விளக்கத்தை நாம் எளிதில் ஏற்கமாட்டோம். மரங்களின் தொழில் மட்டும் அதுவே. மலாக்கா நீரிணையின் கப்பல்கள் எழுப்பும் அலைகள் இடையறாது மோத, முன்வரிசை மரங்களின் அடிச்சேறு கழுவப்பட்டு அவை சாய்கின்றன; பின் அடுத்த வரிசை அலைக்கு முகங்கொடுக்கிறது. அலைத்தடுப்புகள் இட்டும் நிலம் முழுதும் காப்பாற்றப்படவில்லை.

ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்வதாயின், நீர் வற்றும் வேளையைப் பார்த்துச் செல்வது நன்று. வேர் மேலாகச் சாய்ந்த மரத்தையும், சற்றே தள்ளிப் புதுச்சேற்றில் ஊன்றி நிற்கும் கண்டல் நாற்றையும் ஒருசேரக் காட்டலாம்.