எர்டிகாவைக் கொடுத்துவிட்டு ஐ20 என் லைன் வாங்கலாமா?

வீட்டில் நிற்கும் 7 இருக்கை வண்டி ஒரு தொந்தரவும் தந்ததில்லை. சர்வீஸுக்கு விட்டால் வருகிறது, சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டதால் மூன்றாம் வரிசை மடித்தே கிடக்கிறது. இந்த நேரத்தில்தான் பலருக்கும் ஓட்டுவதற்கு உற்சாகமாக ஒரு சின்ன வண்டி வாங்கினால் என்ன என்று தோன்றும். தினமும் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அந்த ஆசை வருவதில் தவறே இல்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் அதிகம் தென்படும் மாருதி எர்டிகாவையும், 2021-ல் அறிமுகமாகி இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனையும் வைத்துப் பார்ப்போம். வேறு வண்டிகளை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பிக்கப் எங்கிருந்து வருகிறது?

எர்டிகாவில் இருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சக்தி 103 பி.எஸ். ஐ20 என் லைனில் இருப்பது 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ இன்ஜின். சக்தி 120 பி.எஸ். 17 பி.எஸ். வித்தியாசத்துக்காகவா வண்டியை மாற்றுவது என்று கேட்கலாம். உண்மையான வித்தியாசம் டார்க்கில், அதாவது இழுவிசையில் இருக்கிறது. எர்டிகாவின் உச்ச டார்க் 136.8 நியூட்டன் மீட்டர். அது கிடைக்க இன்ஜின் நிமிடத்துக்கு 4,400 சுற்று சுற்ற வேண்டும். ஐ20 என் லைனில் 172 நியூட்டன் மீட்டர், 1,500 சுற்றிலேயே வந்து 4,000 வரை அப்படியே நிற்கிறது.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். காற்று அதிகம் கிடைத்தால் பெட்ரோலும் அதிகம் எரியும், சின்ன இன்ஜினே பெரிய இன்ஜின்போல இழுக்கும். இருவழிச் சாலையில் கரும்பு லோடு லாரியை முந்தும்போது இது கைமேல் தெரியும். எர்டிகாவில் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சத்தம் ஏறக் காத்திருந்து முந்துவோம். டர்போ வண்டியில் அதே கியரில் மிதித்தால் போதும், எதிர்த்தடத்தில் நிற்கும் நேரம் குறைகிறது. 1,500 சுற்றுக்குக் கீழே மட்டும் டர்போ விழித்திருக்காது. ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் ஒரு நொடி மந்தமாகத் தோன்றினால், அது பழுது இல்லை.

வளைவில் என்ன நடக்கிறது?

எர்டிகாவின் உயரம் 1,690 மில்லிமீட்டர், ஐ20-யின் உயரம் 1,505. ஏறத்தாழ ஒரு சாண் வித்தியாசம். உயரமான வண்டி திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின் இருக்கைக்காரர்கள் இடமும் வலமும் ஆடி, கடைசியில் எலுமிச்சம்பழம் கேட்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். தாழ்ந்த வண்டி அவ்வளவு சாயாது. அதோடு, சாதாரண ஐ20-ஐவிட என் லைனில் சஸ்பென்ஷன் இறுக்கமாகவும் ஸ்டீயரிங் கனமாகவும் அமைந்திருக்கின்றன. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு. ஓட்டுபவர் கையில் என்ன செய்கிறாரோ அதை வண்டி உடனே செய்கிறது. ஸ்போர்ட்டி என்று சொல்வதன் சாரம் வேகத்தைவிட இந்தக் கீழ்ப்படிதலில்தான் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலேயே அதை அனுபவிக்கலாம்.

கையை விட்டுப் போவது என்ன?

முதலில் இடம். எர்டிகாவில் மூன்றாம் வரிசையை மடித்தால் 550 லிட்டர் டிக்கி கிடைக்கும். ஐ20-யில் 311 லிட்டர். நான்கு பேர் ஒரு வார ஊர்ப்பயணத்துக்குச் சுமை கட்டினால் ஒரு பெட்டியாவது மடிக்கு வந்துவிடும். ஆனால் எர்டிகாவிலும் 7 பேர் உட்கார்ந்தபின் டிக்கி 209 லிட்டர்தான். இதை நினைவில் வைத்தால் இழப்பு எவ்வளவு என்பது சரியாகப் பிடிபடும்.

இரண்டாவது முழங்கால். எர்டிகாவின் இருக்கை இடுப்பு உயரத்துக்கு அருகில் இருப்பதால் பெரியவர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். ஹேட்ச்பேக்கில் கீழே இறங்கி உட்கார வேண்டும், இறங்கும்போது கதவைப் பிடித்து எழ வேண்டும். மூட்டுவலி உள்ள அம்மாவோ மாமனாரோ வாரந்தோறும் வண்டியில் வருகிறார்கள் என்றால், இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது டயர். எர்டிகாவின் டயரில் 185/65 ஆர்15 என்று எழுதியிருக்கும். என் லைனில் 195/55 ஆர்16. முதல் எண், டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் எர்டிகாவில் 120 மில்லிமீட்டர் ரப்பர் சுவர், என் லைனில் 107. குழியில் விழும்போது அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். மெல்லிய சுவர் வளைவில் உறுதி தரும், குழியில் அலாய் வீலுக்கு அடியைக் கடத்தும். உங்கள் தெரு மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதை இங்கே யோசியுங்கள்.

நம்பிக்கை குறையுமா?

எர்டிகாவின் இன்ஜின் எளிமையானது: டர்போ இல்லை, நேரடி பெட்ரோல் பாய்ச்சல் இல்லை. அதனால்தான் டாக்ஸிக்காரர்கள் அதை நம்புகிறார்கள், சிற்றூர் மெக்கானிக்கும் தயங்காமல் கை வைக்கிறார். டர்போ இன்ஜினும் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது. டர்போவின் அச்சு கடும் சூட்டில் மிக வேகமாகச் சுழல்கிறது. அதற்கு உயிர் ஆயில்தான். நிறுவனம் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, சொன்ன தவணைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்தால் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் என் லைனில் வருவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். இதன் கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் அது உராய்ந்து சூடாகும். முன் வண்டி நாலடி நகர்ந்ததும் உடனே தொடராமல், இடைவெளி விட்டு ஒரேயடியாக நகர்வது கிளட்சின் ஆயுளைக் கூட்டும். நாள் முழுவதும் நகர நெரிசலிலேயே ஓட்டுபவருக்கு மேனுவலே பாதுகாப்பான தேர்வு.

மைலேஜ் சான்றிதழில் இரண்டும் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் அளவில்தான் நிற்கின்றன. நடைமுறையில் டர்போ வண்டியின் மைலேஜ் உங்கள் வலது காலைப் பொறுத்தது.

காகித வேலையில் கவனம்

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விட்டாலும் தெரிந்தவருக்கு விற்றாலும் ஆர்.சி. பெயர் மாற்றத்தைக் கையோடு முடியுங்கள். கைமாறிக்கொண்டே போன ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, நகல் எடுத்து, பெயர் மாறியதை பரிவாஹன் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். கடன் வாங்கி வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பாஸ்டேகை மூட மறக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். தொடர்ந்து 5 ஆண்டுகள் கிளைம் செய்யாதவருக்கு சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. விற்கும்போது பழைய நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கினால், 3 ஆண்டுகளுக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஷோரூமில் யாரும் நினைவூட்டாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

முடிவு

கடந்த ஓராண்டில் 5 பேருக்கு மேல் எத்தனை முறை பயணம் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று முறைதான் என்றால் அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்துக்கொண்டு, விரும்பிய ஹேட்ச்பேக்கைத் தாராளமாக வாங்கலாம். மாதாமாதம் என்றால் எர்டிகா இருக்கட்டும். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் வயதானவரைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, உங்கள் தெருவின் மோசமான ஸ்பீடு பிரேக்கர் மேல் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். அதன்பிறகும் அவர் சரி என்றால் முன்பணம் கட்டுங்கள்.