பெயரில்தான் ஒயின்

மார்கழி விடியலில் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நின்றால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் பக்கமிருந்து வாடை முகத்தில் அறையும். அந்தக் குளிருக்கு இதமான பானம் சுக்குக் காபி. அதே மாதத்தில் ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்திய வீடுகளுக்குப் போனால், கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்னக் கிளாஸில் ஜிஞ்சர் ஒயின் தருவார்கள். இரண்டிலும் சூடேற்றுவது இஞ்சிதான்.

'ஒயின்' என்றதும் சிலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். தயங்க வேண்டாம். இங்கே பல வீடுகளில் காய்ச்சும் ஜிஞ்சர் ஒயினில் மது இல்லை. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, மசாலாதான்.

பெயர் வந்த கதை சுவையானது. 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் மூலம் நம் 'இஞ்சிவேர்' என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். பாலி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றி அது ஆங்கிலத்துக்குப் போனது. லண்டனில் 1740-இல் தொடங்கிய ஃபின்ஸ்பரி வடிசாலையின் உலர்திராட்சை இஞ்சி ஒயின், பின்னாளில் 'ஸ்டோன்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்றது. 1903-இல் அரசர் ஏழாம் எட்வர்டுக்காக 'கிங்ஸ் ஜிஞ்சர்' என்ற லிக்கர் பிறந்தது. திறந்த மோட்டார் காரில் குளிரில் போகும் அரசருக்கு உடம்பு சூடேற ஏதாவது வேண்டும் என்று அவருடைய மருத்துவர் கேட்டதுதான் காரணம்.

லிக்கர் என்பது மதுவில் பொருளின் மணத்தை இறக்கி, இனிப்பு சேர்த்த பானம். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும், 15 சதவீதம் ஆல்கஹாலும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் லிக்கருக்கு இஞ்சியை ஊறப்போட்டாலே போதும். மது சேர்க்காத நாம் நசுக்கிக் கொதிக்கவைத்துக் காரத்தை இறக்குகிறோம். போதாததற்குக் காய்ந்த மிளகாய் கைகொடுக்கிறது.

செய்முறை: கால் கிலோ இஞ்சியைக் கழுவி நசுக்குங்கள். 3 லிட்டர் தண்ணீரில் அதோடு 5 காய்ந்த மிளகாய், நாலைந்து கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை போட்டு, அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் துணியில் வடிகட்டி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். இஞ்சியின் மாவு அடியில் வெள்ளையாகப் படியும். அது கலங்காமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ சர்க்கரையில் கைப்பிடி எடுத்து வாணலியில் கருஞ்சிவப்பாகும்வரை உருக்கி, வெந்நீர் ஊற்றிக் கரையுங்கள். குப்பென்று பொங்கித் தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். பானத்துக்கு நிறம் தருவது இதுதான். இதையும் மீதிச் சர்க்கரையையும் இஞ்சித் தண்ணீரில் சேர்த்து ஒரு கொதி விட்டு, ஆறியபின் 4 எலுமிச்சையின் சாற்றைப் பிழியுங்கள். வெந்நீரில் அலசிய பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து புளிக்கும். நுரைத்து, பாட்டிலே வெடிக்கலாம். ஈஸ்ட் போட்டு வேண்டுமென்றே புளிக்கவைப்பது மது காய்ச்சுவதுதான். தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டில் அதை அனுமதிப்பதில்லை.

குடித்ததும் நெஞ்சில் இறங்கும் அந்தச் சூடு எப்படி வருகிறது? வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளை ஜிஞ்சராலும் மிளகாயின் காரமும் தூண்டிவிடுகின்றன. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி இன்னும் காரமான ஷோகாலாக மாறுகிறது. சுக்குக் காபி சுரீரென்று ஏறுவது அதனால்தான்.

குளிருக்கு ஒரு மடக்கு என்று தொடங்கிய குடி, எத்தனையோ வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது. நெஞ்சுக்கு வேண்டிய சூட்டை இஞ்சியே தருகிறது. பாட்டிக்கும் பேரனுக்கும், குடியை விட்ட அப்பாவுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றலாம்.